டெவலப்பரா, ஹைப்போவா? பினாங்கில் வீட்டிலேயே பிலிம் கழுவ எதில் காசு போடுவது

அக்காவின் கல்யாண நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. 1976-இல் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் நடந்த கல்யாணம். போன மாதம் டின்னைத் திறந்து ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தாலி கட்டும் படத்தில் அக்கா முகத்தின் மேல் தேத்தண்ணீர் சிந்தியதுபோலப் பழுப்புக் கறை. சேலைச் சரிகையின் கறுப்பு அழுத்தமாக அப்படியே இருக்கிறது. மாலைக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த நிழல் முழுக்க மஞ்சள். ஓரத்துத் துளை வரிசையைப் பார்த்தேன். அங்கே படமே கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடம். அங்கேயும் மஞ்சள்.

படம் எடுத்தவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சம் பார்த்து எடுத்திருக்கிறார், டெவலப்பிங்கும் சரியாக வந்திருக்கிறது. கழுவிக் கொடுத்த ஸ்டூடியோவில் அன்றைக்கு ஹைப்போ, அதாவது வந்த படத்தைத் தங்க வைக்கும் ஃபிக்ஸர் மருந்து, தளர்ந்து போயிருக்க வேண்டும். முகூர்த்த மாதத்தில் ஒரே தொட்டியில் எத்தனை ரோல் இறங்கியதோ. படம் கைக்கு வந்த நாளில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இந்தக் கறை வெளியே வர வருடக்கணக்கில் ஆகும்.

அந்த அக்காவின் கடைசி மகள்தான் இப்போது பழைய கேமரா ஒன்றை வாங்கி, குளுகோரில் உள்ள தன் அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவப் போகிறாள். "மாமா, டி-76 வாங்கவா, ரோடினல் வாங்கவா? எது நல்லது?" என்று கேட்டாள். இரண்டும் டெவலப்பர்கள், பிலிமில் உருவத்தை வரவழைக்கும் மருந்துகள். பிலிம் பக்கம் புதிதாக வருகிற எல்லாரும் கேட்பது இதைத்தான். டெவலப்பருக்குப் பத்து நிமிடம் யோசி, ஃபிக்ஸருக்கு ஒரு நாள் முழுக்க யோசி என்று அவளிடம் சொன்னேன். அதற்கான காரணங்களை இங்கே எழுதி வைக்கிறேன். நம் நாட்டில் ரிங்கிட்டையும் வெள்ளி என்றே சொல்வதால் ஒரு வார்த்தை: கீழே வெள்ளி என்று வரும் இடமெல்லாம் உலோகம்தான்.

பிலிமில் பூசியிருப்பது ஜெலட்டின். அதற்குள் வெள்ளி புரோமைடுப் படிகங்கள், கூடவே கொஞ்சம் வெள்ளி அயோடைடு. வெளிச்சம் பட்ட படிகத்தில் எலெக்ட்ரான் ஒன்று விடுபட்டு, படிகத்தில் பலவீனமான ஓர் இடத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. நகரக்கூடிய வெள்ளி அயனி ஒன்று அங்கே வந்து அதைப் பிடித்து வெள்ளி அணுவாகிறது. இப்படி நான்கைந்து அணுக்கள் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் போதும், டெவலப்பர் அந்தப் படிகத்தை அடையாளம் கண்டுகொள்ளும். 1938-இல் கர்னி, மோட் என்ற இருவர் தந்த விளக்கம் இது. எலெக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் அந்த இடங்கள் பெரும்பாலும் கந்தகத்தால் உண்டானவை. கோடாக் நிறுவனத்தின் ஷெப்பர்ட் 1925-இல் கண்டுபிடித்தது அதைத்தான்: கடுகுக்குக் காரம் தருகிற அதே கந்தகச் சேர்மம் ஜெலட்டினில் துளியளவு இருந்தால் பிலிமின் வேகம் கூடுகிறது. கடுகு அரைக்கும்போது மூக்கில் ஏறுகிற நெடியும் இந்த வேகமும் ஒரே குடும்பம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

டெவலப்பர் செய்வது அந்த நான்கு அணுக்களைப் பிடித்துக்கொண்டு படிகம் முழுவதையும் உலோக வெள்ளியாக மாற்றுவது. சுமார் நூறு கோடி மடங்கு பெருக்கம். ஆனால் வெளிச்சம் படாத படிகங்கள் அப்படியே ஜெலட்டினுக்குள் மிச்சமிருக்கின்றன. அவற்றைத் தண்ணீர் கரைக்காது. வெளியே எடுக்காவிட்டால் மெல்லக் கறுத்துப் படத்தையே விழுங்கிவிடும். 1802-இல் வெட்ஜ்வுட்டும் டேவியும் வெள்ளி உப்பு தடவிய தாளில் உருவம் பதித்துக் காட்டினார்கள், ஆனால் நிறுத்தி வைக்க முடியவில்லை. மங்கிய வெளிச்சத்தில்தான் அவற்றைப் பார்க்க முடிந்தது. வெள்ளி உப்பைக் கரைக்கும் ஹைப்போவின் குணத்தை ஹெர்ஷல் 1819-லேயே எழுதி வைத்திருந்தார். அது புகைப்படத்துக்குக் கைகொடுத்தது 1839-இல். உருவத்தை வரவழைக்கும் வழி முதலில் கிடைத்துவிட்டது, அதைத் தங்க வைக்கும் வழிக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழில் நாம் "படம் கழுவுவது" என்று இந்த வேலை முழுவதுக்கும் ஒரே பேர் வைத்திருக்கிறோம். எனக்கு அந்தப் பேர் மிகவும் பிடிக்கும்.

முதல் முடிவு, சூடு. எந்தப் புட்டியைப் பார்த்தாலும் 20 டிகிரி என்று போட்டிருக்கும். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக் குழாயில் காலையில் 28, பிற்பகலில் 30. இங்கே இரண்டு வழி உண்டு. ஐஸ் கட்டி வாங்கி வந்து பேசினில் போட்டு எல்லாவற்றையும் 20-க்கு இறக்குவது ஒன்று. வீட்டுச் சூட்டிலேயே கழுவி, நேரத்தைக் குறைத்துக்கொள்வது இன்னொன்று.

பல வருடம் நான் ஐஸ் வழியில்தான் இருந்தேன். அதிலுள்ள ஆபத்து தெரிய நாளானது. டெவலப்பரை மட்டும் 20-க்கு இறக்கிவிட்டு, கடைசியில் குழாயைத் திறந்து 30 டிகிரித் தண்ணீரை ஊற்றுவேன். குளிரில் இறுகியிருந்த ஜெலட்டின் திடீரென்று ஊதி, காய்ந்த வயல் மாதிரி வலைவலையாகச் சுருங்கும். ஒரு ரோல் அப்படிப் போனது: தண்ணீர்மலைப் படிகளில் விடியற்காலையில் எடுத்த காவடிப் படங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பக்தர்களின் தோல் எல்லாம் வெடிப்பு. போதாததற்கு, 20-க்கு இறக்கிய டெவலப்பர் பத்து நிமிடம் 30 டிகிரி அறையில் இருந்தால் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு ஏறும்.

நம் ஊர் வீட்டுச் சூட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அது அசையாது. காலையில் புட்டிகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் குளியலறையில் வைத்துவிட்டால், சாயங்காலம் டெவலப்பர், ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரே சூட்டில் நிற்கும். ஜெலட்டினுக்கு அதுதான் வேண்டும். கலர் பிலிமை 38 டிகிரியில்தான் கழுவுகிறார்கள். இன்றைய பெரிய நிறுவனங்களின் கறுப்பு வெள்ளை பிலிம்கள் என் கையில் 29 டிகிரியை நன்றாகவே தாங்கியிருக்கின்றன. சில மலிவான பிலிம்களில் ஜெலட்டின் மெலிதாக இருக்கும், புது வகை வாங்கினால் முதலில் ஒரு முழம் வெட்டிச் சோதித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் வெப்ப நாட்டு ஸ்டூடியோக்களுக்கென்றே டெவலப்பரில் சோடியம் சல்பேட் சேர்ப்பதும் குரோம் ஆலத்தில் பிலிமை இறுக வைப்பதும் வழக்கத்தில் இருந்தன. இப்போது அது தேவைப்படுவதில்லை.

அதனால் ஐஸை விட்டுவிட்டேன். ஒரு டிகிரி கூடினால் நேரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். இதில் ஓர் எல்லை உண்டு. டெவலப்பரில் இருக்கும் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படத்திலுள்ள வானத்தில் பட்டை பட்டையாக விழும். ஆகவே நேரம் நீளும்படி டெவலப்பரை நீர்க்க வைக்க வேண்டும். டெவலப்பரைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் இதிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

டி-76, 1927-இல் கோடாக் கொண்டு வந்த பழைய கலவை. லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுவினோன் 5, போராக்ஸ் 2. இதில் உருவத்தை வரவழைப்பவை மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும்தான். இல்ஃபோர்டின் ஐடி-11 அதன் இரட்டைப் பிள்ளை. எச்பி5 பிளஸ் பிலிமுக்கு 20 டிகிரியில் சமபங்கு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம், மூன்று பங்கு கலந்தால் 20 நிமிடம். 28 டிகிரியில் சமபங்கு ஐந்தரைக்கு வந்து எல்லையை இடிக்கும். மூன்று பங்கு எட்டரையில் நிற்கும், பிலிம் இருக்கும் வெளிச்சம் புகாத டேங்கை நிதானமாகக் கவிழ்க்கலாம். நீர்க்க வைத்தால் சல்பைட்டும் நீர்க்கும். படிக ஓரங்களைக் கொஞ்சம் கரைத்து மென்மையாக்கும் வேலையை அது செய்யாது, அதனால் துகள் சற்றுத் தெரியும், கூர்மை கூடும். எனக்கு அது பிடித்த தோற்றம். ஒரு ரோலுக்குக் குறைந்தது 100 மில்லி மூலக் கரைசலாவது வேண்டும். சின்ன டேங்கில் அது கொள்ளாது, அரை லிட்டர் பிடிக்கும் டேங்காக வாங்குங்கள்.

டி-76-இல் எனக்குள்ள குறை ஹைட்ரோகுவினோன். சூடு ஏற ஏற மெட்டாலைவிட அது வேகமாக விழித்துக்கொள்ளும், வெளிச்சப் பகுதிகள் இறுகிவிடும். இதற்காகவே டி-23 என்ற எளிய கலவையை நான் அதிகம் நம்புகிறேன். லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், வேறொன்றும் இல்லை. முதலில் ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால், அது முழுக்கக் கரைந்த பிறகு மீதிச் சல்பைட். வரிசை மாறினால் மெட்டால் கரையாமல் நிற்கும். மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை தரும், கையுறை போடாமல் தொடாதீர்கள். சமையலறைத் தராசு போதாது, பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு வேண்டும். புதிதாக வருகிறவருக்கு இது கொஞ்சம் தூரம்தான்.

ரோடினல் 1891-இலிருந்து இருக்கிறது. புட்டியைத் திறந்த பிறகும் வருடக்கணக்கில் கெடாது. டி-76-ஐக் கரைத்து வைத்தால் நிறைந்த புட்டியில் ஆறு மாதம், பாதிப் புட்டியில் இரண்டு மாதம் என்பார்கள், நம் வெயிலில் அதைவிடக் குறைவு. மாதத்துக்கு ஒரு ரோல் எடுப்பவர் ஒரு லிட்டர் டி-76 கரைத்தால் பாதியைக் கொட்டத்தான் வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ரோடினல்தான். ஒன்றுக்கு நூறு என்று நீர்க்க வைத்தால் நம் சூட்டிலும் நேரம் போதும். துகள் மணல் மாதிரி தெரியும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அக்கா மகள் மாதத்துக்கு ஒன்றிரண்டு ரோல்தான் எடுப்பாள் என்பதால் ரோடினல் வாங்கச் சொன்னேன். டி-76 வாங்கியிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். இரண்டில் எது எடுத்தாலும் ஐம்பது வருடம் கழித்து அவள் பிள்ளைகள் கையில் இருக்கப்போகும் நெகட்டிவ் கறை படிந்ததா, தெளிவானதா என்பது மாறப்போவதில்லை.

அதை மாற்றுவது ஃபிக்ஸர். இங்கே இரண்டு சாமான்கள். ஒன்று பழைய ஹைப்போ, அதாவது பார்க்கக் கற்கண்டு மாதிரி இருக்கும் சோடியம் தயோசல்பேட் படிகம். இன்னொன்று ரேபிட் ஃபிக்ஸர் என்று விற்கும் அம்மோனியம் தயோசல்பேட் திரவம்.

இரண்டின் வேலையும் ஒன்றே. தயோசல்பேட் வெள்ளி அயனியைச் சுற்றி வளைத்து, தண்ணீரில் கரையும் கூட்டுப்பொருளாக்கி ஜெலட்டினிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. இது ஒரே தாவலில் நடப்பதில்லை. முதலில் உருவாகும் கூட்டுப்பொருளில் தயோசல்பேட் குறைவு, அது லேசில் கரையாது. இன்னும் தயோசல்பேட் வந்து சேர்ந்தால்தான் நன்றாகக் கரையும் வடிவத்துக்குப் போகும். புது ஃபிக்ஸரில் தயோசல்பேட் தாராளம், அதனால் இரண்டாம் படிக்குப் போய்விடும். தளர்ந்த ஃபிக்ஸரில் முதல் படியிலேயே நின்றுவிடும். பிலிம் பார்க்கத் தெளிவாக இருக்கும், ஏமாந்துவிடுவோம். உள்ளே தங்கிய கூட்டுப்பொருளை எவ்வளவு தண்ணீர் ஓடவிட்டாலும் அகற்ற முடியாது. அது நாளாவட்டத்தில் சிதைந்து வெள்ளி சல்பைடாகிறது. பூட்டி வைத்த வெள்ளிக் குத்துவிளக்கில் படியும் அதே கறுப்பு, மெல்லிய படலமாக இருக்கும்போது மஞ்சளும் பழுப்பும். அக்கா முகத்தின் மேல் இருப்பது அதுதான்.

ஹைப்போவின் நல்ல பக்கம், மலிவு. கற்கண்டு நம் ஈரக்காற்றில் டப்பாவை இறுக மூடி வைத்தால் நெடுநாள் இருக்கும். லிட்டருக்கு 250 கிராம், கொஞ்சம் சல்பைட், அவ்வளவுதான். முதல் தடவை கரைப்பவர் திடுக்கிடுவார். 29 டிகிரித் தண்ணீரில் கற்கண்டைக் கொட்டிக் கலக்கினால் ஜக்கு கையில் சில்லென்று ஆகும். தெர்மாமீட்டர் பத்து டிகிரிக்கு மேல் இறங்கும், ஜக்கின் வெளிப்புறத்தில் ஐஸ் கொப்பிக் கிளாஸ் மாதிரி வேர்க்கும். கரைவதற்கான வெப்பத்தை அது தண்ணீரிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. எனவே கழுவும் நாளுக்கு முந்திய இரவே கரைத்து வைக்க வேண்டும். டெவலப்பிங்கை நிறுத்தும் வினிகர் ஸ்டாப் பாத் போட்டுவிட்டு இதில் பிலிமை இறக்காதீர்கள், அமிலம் ஏறினால் கந்தகம் பிரிந்து பால் மாதிரி ஆகிவிடும். டெவலப்பருக்குப் பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் போதும்.

ரேபிட் ஃபிக்ஸருக்கு விலை கூட. ஆனால் வேகம். ஹைப்போ நிமிடக் கணக்கில் தெளிவாக்குவதை நம் சூட்டில் இது ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். டிமேக்ஸ், டெல்டா போன்ற தட்டைப் படிக பிலிம்களுக்கு இதுதான் வழி. அவற்றில் அயோடைடு அதிகம், வெள்ளி அயோடைடு, குளோரைடையும் புரோமைடையும்விடப் பிடிவாதமானது, சாதாரண ஹைப்போ திணறும். வேகமான ஃபிக்ஸரில் மறந்துபோய் அரை மணி விட்டுவிட்டால் மெல்லிய சாம்பல் நிறங்களை அது அரிக்கத் தொடங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எச்பி5, ட்ரைஎக்ஸ் போன்ற சாதாரணப் படிக பிலிம்கள் மட்டும் போடுபவர் ஹைப்போவோடு நிம்மதியாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஒரே நிபந்தனை, ஒன்றுக்கு இரண்டு தொட்டி. முதல் தொட்டியில் பாதி நேரம், இரண்டாம் தொட்டியில் பாதி நேரம். வெள்ளிச் சுமையை முதல் தொட்டி ஏற்றுக்கொள்ளும், இரண்டாவது எப்போதும் புதிதாக இருக்கும். முதலாவது தளர்ந்ததும் கொட்டிவிட்டு இரண்டாவதை அந்த இடத்துக்கு நகர்த்திப் புதிதாக ஒன்று கரைக்க வேண்டும். மலிவான சாமானைத் தாராளமாகப் பயன்படுத்துவது விலை கூடிய சாமானைக் கஞ்சத்தனமாக நீட்டுவதைவிட நெகட்டிவுக்கு நல்லது.

தளர்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? ரோலின் முன் நாக்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி வெளிச்சத்திலேயே புது ஃபிக்ஸரில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிய எத்தனை விநாடி என்று குறித்து வையுங்கள். அதைப்போல இரண்டு மடங்கு நேரம் பிலிம் உள்ளே இருக்க வேண்டும், தட்டைப் படிக பிலிம் என்றால் மூன்று மடங்கு. அந்தத் தெளியும் நேரமே முதல் நாளைப்போல இரட்டிப்பானால் அந்தத் தொட்டியின் ஆயுள் முடிந்தது. ஒவ்வொரு ரோலுக்கு முன்னும் இதைச் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகாது. பொட்டாசியம் அயோடைடு கரைசல் சில துளி விட்டுப் பார்ப்பது இன்னொரு வழி, வெளிர்மஞ்சளாகத் திரிந்து கலக்கியும் கரையாமல் நின்றால் வெள்ளி நிறைந்துவிட்டது என்று அர்த்தம்.

கழுவுவதற்குக் குழாயை அரை மணி திறந்துவிடத் தேவையில்லை. இல்ஃபோர்ட் சொல்லும் முறை போதும்: டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்துக் கொட்டு, மறுபடி நிரப்பி 10, மறுபடி நிரப்பி 20. அதே வாளித் தண்ணீர், அதே சூடு. அதற்கு முன் இரண்டு சதவீத சல்பைட் தண்ணீரில் இரண்டு நிமிடம் வைத்தால் ஹைப்போ இன்னும் சுலபமாக வெளியேறும். உலர்த்துவதற்கு நான் இரவு எல்லாரும் குளித்து முடித்த பிறகான குளியலறையைத்தான் நம்புகிறேன், தூசி அடங்கியிருக்கும்.

இவ்வளவும் எதற்கு, லேபில் கொடுத்தால் என்ன? வருடத்துக்கு நான்கைந்து ரோல் எடுப்பவர் லேபில் கொடுப்பதே சரி, நல்ல லேப்கள் நம் ஊரிலும் கோலாலம்பூரிலும் இருக்கின்றன. டெவலப்பிங்கில் அவர்கள் நம்மைவிடச் சீராகச் செய்வார்கள். ஃபிக்ஸர் எப்போது மாற்றினார்கள் என்று மட்டும் தயங்காமல் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால், வீட்டுக்கு வந்த நெகட்டிவை வெளிச்சத்திலேயே புது ஹைப்போவில் இன்னொரு தடவை போட்டுக் கழுவிக்கொள்ளலாம். இருட்டறை வேண்டாம், டேங்க்கூட வேண்டாம். டெவலப்பரே வாங்காமல் ஹைப்போ மட்டும் வாங்குவதும் நியாயமான ஒரு தேர்வுதான்.

பழைய ஃபிக்ஸரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. கரைந்த வெள்ளி நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுக் கழிவு விதிகளில் புகைப்பட ரசாயனத்துக்கென்றே எஸ்டபிள்யூ 423 என்ற தனி எண் இருக்கிறது. வாளியில் இரும்புக் கம்பளி போட்டுச் சில நாள் வைத்தால் இரும்பு கரைந்து, வெள்ளி சாம்பல் நிறச் சேறாகப் படியும். சேர்த்து வைத்து, வெள்ளி மீட்கும் லேப் ஒன்றில் கொடுத்துவிடுகிறேன்.

போன சனிக்கிழமை அக்கா மகள் ரோடினல் ஒரு புட்டியும் ஹைப்போ இரண்டு கிலோவும் வாங்கி வந்தாள். முதல் கலவையில் அவள் ரோலை இறக்கவில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து, கறை இன்னும் ஏறாத மூன்று துண்டுகளைத் தேர்ந்தெடுத்தோம். ஏறிய கறையை ஹைப்போ எடுக்காது, வெள்ளி சல்பைடு அதற்கு அசையாது. அந்தப் படங்களை ஸ்கேன்தான் செய்ய வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒரு துண்டின் ஓரத்தில், அழுகிய முட்டை நாற்றம் வீசும் மிக நீர்த்த சோடியம் சல்பைடு கரைசல் ஒரு துளி வைத்தேன். டெவலப்பரில் போடும் சோடியம் சல்பைட்டும் இதுவும் பேரில் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. மூன்று நிமிடத்தில் துளி இருந்த இடம் மஞ்சளானது. உள்ளே வெள்ளி இன்னும் இருக்கிறது.

"மாமா, அப்போ இதுவும் கறையாகியிருக்குமா?" என்றாள்.

"ஆகியிருக்கும்."

அவளே இரண்டு தொட்டியிலும் போட்டு எடுத்தாள், 5, 10, 20 என்று வாய்விட்டு எண்ணிக் கழுவினாள். காய்ந்த பிறகு மறு ஓரத்தில் ஒரு துளி வைத்தோம். மூன்று நிமிடம் கழித்துத் துடைத்தபோது பிலிம் தெளிவாகவே இருந்தது. அந்தத் துண்டில் அவள் அப்பாவும் அம்மாவும் மணவறையைச் சுற்றி வருகிறார்கள்.